ஐப்பசியில் மலை ஏறலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் ஒரு கையில் பஞ்சாங்கமும் இன்னொரு கையில் டெலிபோனுமாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காப்பி வருவதற்கு முன்னாலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். தீபாவளிக்கு இரண்டு நாள் விடுமுறை, அதற்குப் பின்னால் சனி, ஞாயிறு. நடுவில் ஒரு நாளை மட்டும் ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டால் ஐந்து நாள் சேர்ந்துவிடும். மனைவி, இரண்டு குழந்தைகள், எழுபது வயதான தாயார் சகிதம் உதகமண்டலம் போய்வர உத்தேசமாம்.

"சரத் ருது பாருங்கள்! மழைக்காலம் போய் ஆகாயம் நிர்மலமாயிருக்கும். காளிதாசரே பாடி வைத்திருக்கிறார்" என்றார்.

"காளிதாசர் மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறியவர் இல்லையே!" என்றேன்.

நண்பருக்கு என் பதில் பிடிக்கவில்லை. ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொன்ன வார்த்தையல்ல அது. சங்கற்பம் செய்யும்போது வாத்தியார் "சரத் ருதௌ" என்று சொல்லுவதும், அதே சமயத்தில் கூரைத் தண்ணீர் முற்றத்தில் கொட்டுகிற சத்தத்தில் அவருடைய குரல் நம் காதில் விழாமற் போவதும் தமிழ்நாட்டில் வருஷந்தோறும் நடக்கிற காரியம். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பஞ்சாங்கப்படி சரத் காலந்தான். ஆனால் அந்தப் பெயர் வட நாட்டில் பிறந்த பெயர். அங்கே ஆடி ஆவணியில் பெய்த மழை புரட்டாசி முடிவதற்குள் ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் வெள்ளை மேகமும் தெளிந்த ஆறுமாக இரண்டு மாத காலம் சௌகரியமாகக் கழியும். 'ருது சம்ஹாரம்' கண்ட சரத் காலம் அதுதான்.

நம்முடைய முன்னோர்கள் இந்த விஷயத்தில் ஏமாறவில்லை. அதே ஐப்பசி கார்த்திகைக்குக் 'கூதிர்' என்று பெயர் வைத்தார்கள். வாடைக் காற்றும் குளிரும் தூற்றலுமான காலம் என்று அர்த்தம். அதோடு நில்லாமல், குறிஞ்சி நிலத்துக்கு, அதாவது மலைக்கு, உரிய பொழுது கூதிரும் நள்ளிரவும் என்று தொல்காப்பியத்தில் எழுதியும் வைத்துவிட்டார்கள். 'நெடுநல்வாடை' முழுவதும் அந்தக் காலத்து ஓர் இரவைப் பற்றிய பாட்டுத்தானே? பள்ளிக்கூடப் புத்தகங்களில் இக்காலத்தில் காணும் 'இலையுதிர் காலம்' என்ற பதமோ இங்கிலீஷ்காரர் ஊர் மரங்களைப் பார்த்து உண்டானது. நீலகிரியின் சோலைக் காடுகளில் வருஷம் பூராவும் இலை உண்டு. உதிர்கிற காலம் என்று தனியாக ஒன்று கிடையாது.

இதையெல்லாம் நண்பருக்கு விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு மலை என்றாலே பயம்" என்று அவர் முடிவு கட்டினார். பயந்தான். பயப்படக் காரணமும் உண்டு.

பதினைந்து வருஷங்களுக்குக் குறையாது. நானும் இதே மாதிரி விடுமுறைக் கணக்குப் போட்டுத் தீபாவளிக்கு மறுநாள் குடும்பத்தோடு புறப்பட்டேன். என் தாயார் அப்போது இருந்தாள். என் பெண்ணுக்கு நாலு வயது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோதே வானம் கருத்திருந்தது. மலை ரயில் அன்று போகாது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். புத்திசாலியாயிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். ஆனால் மேலே ஹோட்டலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதே! பஸ்ஸில் ஏறினோம்.

பர்லியாறு தாண்டிச் சில வளைவுகள் ஏறியிருப்போம். வண்டி நின்றது. முன்னால் ஒரு மரமும் அதைச் சுற்றிய மண்ணும் ரஸ்தாவின் குறுக்கே படுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் பின்னாலும் வண்டிகள் வரிசையாய் நின்றுவிட்டபடியால் திரும்பவும் வழியில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு நின்ற பஸ் இரவு பதினொரு மணிக்குத்தான் நகர்ந்தது. அந்த எட்டு மணி நேரத்தில் மழை ஒரு கணமும் விடவில்லை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து எங்கள் கம்பளியெல்லாம் ஊறிப் போயிற்று. என் தாயார் இரண்டு புடவைகளை மடித்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேலே பாறை இடறுகிற ஓசை கேட்கும் போதெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ரஸ்தாவோரத்தில் டீக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வந்து, குழந்தை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுச் சுடு கஞ்சி கொடுத்தாள். காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

குன்னூர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஜுரம். இரண்டு நாள் அறைக்குள் அடைந்து கிடந்தோம். மூன்றாம் நாள் அரை மணி நேரம் பனி விலகிற்று. அப்போது எதிர்ச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம் தெரிந்தது. நாங்கள் நீலகிரியில் பார்த்தது அவ்வளவுதான். ஜுரம் நிமோனியாவாக மாறி, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். பெண் பிழைத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்; அந்தப் பிரயாணத்தில் அவளுக்கு ஞாபகம் இருப்பது கஞ்சி ஒன்றுதான்.

எங்களுக்கு நேர்ந்தது மலைக்குச் சாதாரணம். 1978, 1993, 2009 ஆகிய வருஷங்களில் நீலகிரியில் நேர்ந்த பெரிய மண்சரிவுகள் எல்லாமே நவம்பர் மாதத்தில் நேர்ந்தவை. 1993-ல் மரப்பாலத்தின் அருகில் மலைச் சரிவே பெயர்ந்து ரஸ்தாவையும் ரயில் பாதையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. 2009 நவம்பர் 10-ந் தேதி வரையிலான ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த வாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட ஜனங்கள் மண்ணுக்கடியில் மாண்டு போனார்கள். மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை.

ஏன் இப்படி என்று விசாரித்தால் விஷயம் சிக்கலானதல்ல. நீலகிரிக்கு இரண்டு முதுகு உண்டு. மேற்கு முதுகு குந்தா, அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கம். ஆனி முதல் ஆவணி வரையில் அரபிக் கடலிலிருந்து வருகிற தென்மேற்குக் காற்று அதன் மேல் மோதித் தண்ணீரைக் கொட்டிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது அந்தக் காற்றின் கைங்கரியந்தான். அச்சமயங்களில் கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் மலையின் மறைவில் அதிகம் நனையாமல் இருந்துவிடுகின்றன. ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பிவிடுகிறது. வங்காளக் குடாக் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றுக்கு முதலில் அகப்படுவது கிழக்கு முதுகு. நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற ரஸ்தா, பல்சக்கரம் பூட்டிய மலை ரயில் பாதை, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அந்த முதுகின் மேல்தான் இருக்கின்றன! ஆகவே நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிற நாளில், நாம் ஏறவேண்டிய சரிவில்தான் மழை இறங்குகிறது.

கொடைக்கானலுக்கும் இது பொருந்தும். அங்கேயும் வருஷத்தில் அதிக மழை அக்டோபர், நவம்பரில்தான்.

இரண்டு காற்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. தென்மேற்குப் பருவம் தளர்ந்து விடைபெற்றுக் கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவம் சராசரியாக அக்டோபர் 20-ந் தேதிக்குத்தான் வந்து சேரும். சில வருஷங்களில் நாலைந்து நாள் முந்தியும் வரும், 2025-ல் 16-ந் தேதியே வந்துவிட்டது. ஆக, செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் 12, 13 தேதி வரையில், அதாவது புரட்டாசியின் பின்பாதி, மலைக்குப் போக ஏற்ற காலம். நீலகிரி ஹோட்டல்காரர்கள் இதற்கு 'இரண்டாம் சீசன்' என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். தாவரவியல் பூங்காவிலும் இதற்கென்று தனியாக நாற்று நட்டுப் பூக்கவைக்கிறார்கள்.

முதல் சீசன் எது என்று கேட்பீர்களாகில், அது வெள்ளைக்காரர்கள் விட்டுப் போன சொத்து. ஜான் ஸல்லிவன் துரை 1820-களில் உதகையில் கல் வீடு கட்டிக்கொண்ட நாளிலிருந்து, சித்திரை வைகாசி வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடுவது அவர்களுடைய வழக்கமாயிற்று. சென்னை ராஜாங்கமே வேனிற்காலத்தில் பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு உதகைக்குப் போய்விடும். அவர்களுக்கு வெயில் ஆகாது; போனார்கள். நாமோ 1947-க்கு அப்புறமும் அவர்களுடைய கடியாரத்தையே பார்த்து மலை ஏறிக்கொண்டிருக்கிறோம். வைகாசி மாதத்தில் பைக்காரா அருவி நூலாக இறங்கும். பூங்காவில் மலரைக் காட்டிலும் தலைகள் அதிகம். கூட்டம் தாங்காமல், 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்கவேண்டும் என்று ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. வெயிலுக்குத் தப்பிப் போகிறவர்கள் போகட்டும். மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது காலமல்ல என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு நல்ல புரட்டாசியில் நம்மவர்கள் ஏன் போகிறதில்லை? இங்கேதான் ஒரு குடும்பச் சிக்கல் குறுக்கே நிற்கிறது. புரட்டாசி அமாவாசைக்கு முன் பதினைந்து நாள் மஹாளய பக்ஷம். அப்புறம் நவராத்திரி. கொலு வைத்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போக எந்த ஸ்திரீதான் சம்மதிப்பாள்? "பொம்மைகளுக்கு யார் விளக்கேற்றுவது?" என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு இதுவரையில் நான் பதில் கண்டுபிடித்ததில்லை. விஜயதசமிக்கு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து, தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்து, கடைசியில் எல்லாரும் அடைமழையில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

ஆகையால் நம் வீட்டில் இப்போது ஒரு விதி ஏற்படுத்தியிருக்கிறோம். பஞ்சாங்கம் வந்ததும் முதலில் விஜயதசமி என்றைக்கு என்று பார்க்கிறது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் வந்தால், பொம்மைகளைப் பெட்டியில் வைத்த மறுநாளே பிரயாணம். 2025-ல் விஜயதசமி அக்டோபர் 2-ந் தேதி. மழை பிறப்பதற்குள் பத்து நாளுக்கு மேல் தாராளமாய்க் கிடைத்தது. 2023-ல் போல அக்டோபர் 24-ந் தேதி வந்து வைத்தால், பண்டிகைக்குப் பின் போகிற பேச்சே இல்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விடுகிற நாட்களில், செப்டம்பர் முடிவில், போய் வந்துவிட வேண்டியது. மஹாளயத்தில் உல்லாசப் பிரயாணமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். தர்ப்பணத்துக்குரிய நாளில் வீட்டில் இருந்துவிட்டு மற்ற நாளில் போனால் பிதிர்க்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தாயாரே பின்னாளில் இதற்குச் சம்மதித்தாள். அந்தப் பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவள் அல்லவா?

விதியை ஏற்படுத்திய முதல் வருஷம் போனது மறக்கக்கூடியதல்ல. மலை ரயில் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையத்தை விட்டது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொள்ள, எஞ்சின் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று. 1899-ல் குன்னூர் வரையில் போட்டு, 1908-ல் உதகை வரையில் நீட்டிய பாதை அது. 46 கிலோமீட்டர், 16 குகைகள். தென்மேற்கு மழை நின்று சில தினங்களே ஆகியிருந்தபடியால் பாறைகள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. ஒவ்வொரு பாலத்தின் கீழும் தண்ணீர் ஓடிற்று. முன்பு எங்களை நிறுத்திய ரஸ்தாவைக் கீழே பார்த்தபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தொட்டபெட்டாவில் நின்றோம். 2,637 மீட்டர் உயரம். கிழக்கேயும் தெற்கேயும் சமவெளி. வடக்கே மைசூர்ப் பீடபூமி கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. வைகாசியில் இந்தக் காட்சிக்குப் புழுதி மூட்டம் குறுக்கே நிற்கும். கார்த்திகையில் மேகம் நிற்கும். பைக்காராவில் அருவி இரண்டு கட்டமாய் இறங்கி இரைச்சலிட்டது. பகலில் 20 டிகிரிக்கு மேல் உஷ்ணமில்லை; இரவில் பத்துப் பதினோரு டிகிரி. ஒரு கம்பளிச் சட்டையும் போர்வையும் போதுமானதாயிருந்தன. மார்கழி தையில் போகிறவர்களுக்கு உறைபனிக்கு வேண்டிய மூட்டை தனி.

மழையே இல்லையென்று நான் சாதிக்க வரவில்லை. பருவம் மாறுகிற நாட்களில் காலையில் வெயிலடிக்கும். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேகம் கூடி இடியிடித்து ஒரு பாட்டம் கொட்டும். இரவில் நட்சத்திரம் தெரியும். அடைமழைக்கும் இதற்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு. ஆகவே பார்க்கவேண்டிய இடங்களைக் காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் பார்த்துவிட்டு, பிற்பகலை அறையில் குழந்தைகளோடு சீட்டாடவும் கதை பேசவும் ஒதுக்கி வைப்பது நலம். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளும் வானிலை இலாகாவின் எச்சரிக்கையைப் பார்த்தாக வேண்டும். ஆரஞ்சு நிறம் என்றால் ஒரு நாளில் 12 சென்டிமீட்டருக்கு மேல், சிவப்பு என்றால் 20-க்கு மேல் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நிறங்களைக் கண்டால், கட்டிய முன்பணத்தை மறந்துவிடுவதுதான் லாபம். இதை நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

"எனக்குத் தீபாவளியை விட்டால் லீவு கிடையாதே, என்ன செய்யச் சொல்லுகிறீர்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் காளிதாசருடைய ஊருக்கே போய்விடலாம். குமாயூனில் அல்மோரா, கௌஸானி முதலிய இடங்களில் அக்டோபர் ஆரம்பத்திலிருந்து நவம்பர் நடு வரையில் ஆகாயத்தில் மாசு இராது. கௌஸானி மேட்டில் விடியற்காலம் எழுந்து நின்றால் திரிசூலமும், 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியும் முதலில் சிவந்து பிறகு வெளுப்பதைக் காணலாம். மழைக்காலத்தில் போனவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தும் காணாமல் திரும்புகிற காட்சி அது. ஆனால் பத்ரி, கேதாரம் போகும் எண்ணத்தையும் கூடவே முடிந்துகொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேதாரநாதர் சந்நிதி தீபாவளி கழிந்த இரண்டொரு நாளில் அடைத்துவிடும்; பத்ரிநாதர் சந்நிதி நவம்பரில்.

வங்காளிகள் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். துர்க்கா பூஜை விடுமுறை என்றால் அவர்களுக்கு டார்ஜிலிங்தான். பூஜை முந்தி வருகிற வருஷங்களில் அவர்களுக்கும் சங்கடமுண்டு. கிழக்கு ஹிமாலயத்தை விட்டு மழை விலக அக்டோபர் நடு ஆகிவிடும். 1968-ல் அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே மலை சரிந்து பட்ட நாசம் கொஞ்சமல்ல. 2025-லும் அதே வாரத்தில் மிரிக் பக்கம் மண்சரிவில் பலர் மாண்டார்கள். ஆகவே அவர்களுக்கு மாதத்தின் பின்பாதி நல்லது. நமக்கு முன்பாதி நல்லது. கஞ்சன்ஜங்கா அதுவரையில் எங்கும் போய்விடாது.

அவ்வளவு தூரம் முடியாதென்றால், மைசூர் வழியாகப் பந்திப்பூர், கூடலூர், நடுவட்டம் என்று மேற்கு முதுகில் ஏறி உதகைக்குப் போகலாம். ஐப்பசியில் அந்தப் பக்கம் மழை ஒப்புக்குத்தான் குறைவு; இருந்தாலும் குன்னூர்ச் சரிவை விடத் தேவலை. பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குழந்தையும் கிழவருமாகப் போகிறவர்களுக்கு இந்த வழியைக்கூட நான் சிபாரிசு செய்யத் துணியவில்லை. தனியாகப் போகிற வாலிபர்கள் நான் சொல்லிக் கேட்கப் போகிறார்களா என்ன?

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு வெகு நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸில் லீவைப் புரட்டாசிக்கு மாற்றிக் கேட்டால் மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று ஒரு கவலை. வீட்டில் கொலுவைப் பற்றி என்ன சொல்வார்களோ என்று இன்னொரு கவலை. இரண்டாவதுதான் பெரியது என்பது முகத்தில் தெரிந்தது.

அதுவரையில் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி காப்பி டம்ளரை எடுக்க வந்தாள். "உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறீர்களாமே? போகிறதுக்கு முன்னால் உங்கள் வீட்டு அம்மாளை ஒரு நாள் இங்கே அழைத்து வாருங்கள். நான் பேசிக்கொள்கிறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.